வலது பக்கம் வருகிறவனுக்கு வழி

தூத்துக்குடியில் நான் இருந்தது மொத்தம் எட்டு நாள். எட்டு நாளும் பயந்துகொண்டேதான் இருந்தேன். சைகோனில் தலைக்கு மேல் குண்டு விழுந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. குண்டு விழுந்தால் குழிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். என் தங்கை புருஷன் ஓட்டுகிற காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எங்கே போய்ப் படுப்பது?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது காரைக்கால். இருபத்திரண்டு வருஷமாகச் சைகோனில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. கம்பெனிக் காரையும் நானே ஓட்டுவேன். என் ஒரே தங்கை ரோசம்மாவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தோம். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் கிடந்தேன். யுத்தம் முடிந்தபின் கம்பெனி வேலையாக என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் பார்க்காமல் போவதா என்று எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்து, அவளுடைய பழைய விலாசத்துக்குத் தந்தியும் அடித்துவிட்டுத் தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறினேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது. கரையே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நங்கூரம் போட்டுவிடுகிறார்கள். ஏணியில் இறங்கி ஒரு லாஞ்சிக்குள் குதிக்க வேண்டும். லாஞ்சி மேலே வரும்போது குதிக்க வேண்டும் என்றார்கள். நான் அது கீழே போகும்போது குதித்தேன். ஒரு பர்மாக்காரச் செட்டியாரின் பெட்டிமேல் போய் விழுந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, பெட்டியைத்தான் தடவிப் பார்த்தார்.

பாதி வழியில் பெரிய தோணி ஒன்று பாய் விரித்துக்கொண்டு நேரே எங்கள்மேல் வந்தது. நான் செட்டியாரின் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். லாஞ்சி டிரைவர் பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்காமல் சுக்கானைத் திருப்பி ஒதுங்கினான்.

"பாய் விரிச்சு வாரவனுக்கு இஞ்சின் வச்சிருக்கவன்தான் ஒதுங்கணும் சார். அவன் எங்கன நிப்பான்? அவனுக்குப் பிரேக்கா இருக்கு?" என்றான்.

"ரெண்டு லாஞ்சி எதிரும் புதிருமா வந்தா?"

"ரெண்டு பேரும் வலது பக்கம் ஒதுங்குவோம்."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. சைகோனிலும் வலது பக்கம்தான் வண்டி போகும். கடலாவது நம் ஊர்ப் பக்கம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

"ரொம்பச் சிரிக்காதிய. கரையில எல்லாம் இடது பக்கம்" என்றான் அவன்.

அவன் சொன்னதைக் கரையில் கால் வைத்த ஐந்தாவது நிமிஷத்தில் மறந்தேன். சைகோனில் ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார்ப்போம். அதே பழக்கத்தில் இடது பக்கம் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, இறங்கினேன். வலது பக்கத்திலிருந்து வந்த சைக்கிள் என் பெட்டியில் மோதி, சைக்கிளும் ஆளும் பெட்டியுமாகப் புழுதியில் விழுந்தோம். "என்னவே, எங்கன பாத்து நடக்கீரு?" என்று அவன் எழுந்து கேட்டான். சைகோனைப் பார்த்து நடக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? முழங்காலைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் "அண்ணே!" என்று குரல் கேட்டது. ரோசம்மா ஓடிவந்தாள். முன்னந்தலை நரைத்திருந்தது. நான் அழுதேன், அவளும் அழுதாள், சைக்கிள்காரன் போய்விட்டான். அவள் பின்னால் அவள் புருஷன் தொம்மை சிரித்துக்கொண்டு நின்றார். நல்ல உயரம், அகன்ற தோள், கண் இரண்டும் பளிச்சென்று இருக்கும். வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். காரை இங்கே எல்லோரும் பிளஷர் என்கிறார்கள்.

"வாங்க மச்சான், பிளஷர்ல ஏறுங்க" என்றார். நான் பழக்கதோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஸ்டியரிங். "நீங்களே ஓட்டப் போறியளா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அங்கே நின்ற போர்ட்டர்களும் சிரித்தார்கள். இறங்கி இடது பக்கம் வந்து ஏறினேன். சைகோனில் நான் உட்கார்ந்து ஓட்டுகிற இடம் அது. இந்த ஊரில் அந்த இடத்தில் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. வண்டி கிளம்பியதும் எதிரே வந்ததெல்லாம் தப்புப் பக்கத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. அவர்கள் வீடு இருக்கிற திரேஸ்புரம் போய்ச் சேருகிறவரைக்கும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

ரோசம்மா பின்சீட்டில், புருஷனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருஷக் கதையையும் பேசிக்கொண்டே வந்தாள். ஆனால் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துப் பேசினாள். காரைக்கால் பேச்சு அவள் வாயிலிருந்து போய், தூத்துக்குடி ஏறியிருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரிசி ரேஷன். சைகோனில் நல்ல அரிசிக்குப் பழகிய வயிறு, இங்கே கல்லும் உமியுமாக ஒரு சோற்றைக் கண்டு திகைத்தது. ஆனால் அதன்மேல் ரோசம்மா ஊற்றிய சீலா மீன் குழம்பு இருக்கிறதே, அதற்காகக் கல்லையும் கடித்து விழுங்கலாம். கருப்பட்டிக் காப்பி எனக்கு முதல் நாள் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் இன்னொரு தம்ளர் கேட்டேன்.

இரண்டாம் நாள் காலை திருச்செந்தூருக்கு ஒரு சவாரி. பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர், குடும்பத்தில் ஏதோ நேர்த்திக்கடன். "நீங்களும் வாங்க மச்சான், ஊரைப் பாக்கலாம்" என்றார் தொம்மை. அண்ணாச்சி முன்சீட்டில். நான் பின்சீட்டில். நான் ஏறுவதற்கு முன்பே ரோசம்மா அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு?" என்றேன்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஊருக்குப் புதுசா? பொஞ்சாதி ஏறாம தொம்மை இஞ்சினைத் திருப்ப மாட்டான். கல்யாணமாகிப் பதினஞ்சு வருசம் ஆச்சு, இன்னும் புது மாப்பிள்ளை கணக்கா கூட்டிக்கிட்டு அலையுதான்."

"என்ன செய்ய அண்ணாச்சி? பிள்ளையா குட்டியா? வீட்டுல ஒத்தையில கிடந்து என்ன பண்ணுவா?" என்றார் தொம்மை.

ரோசம்மா சிரிக்கவில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவும் இல்லை. அவள் வலது கை முன்சீட்டின் முதுகில், புருஷன் தோளை ஒட்டி இருந்தது.

ரோடு நடுவில் மட்டும் கல் பாவியிருந்தது. இரண்டு பக்கமும் மணல். ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து மாட்டு வண்டிகள் வரிசையாக உப்பு ஏற்றி வந்தன. ஒரு வண்டியும் பக்கம் ஒதுங்கவில்லை. தொம்மைதான் காரை மணலில் இறக்கினார். கார் சறுக்கியது, நான் முன்சீட்டைக் கட்டிப்பிடித்தேன்.

"இடது பக்கம் போகணும் என்கிறது சட்டம்தானே? அவன் நடுவில் வருகிறானே?" என்றேன்.

"பாரவண்டி மணல்ல இறங்கினா சக்கரம் பொதஞ்சு மாடு முழங்கால் மடிச்சிரும் மச்சான். அதனால பாரத்துக்குத்தான் நடுரோடு. காலியா வாரவன் இறங்கிரணும். கவர்னர் வந்தாலும் இந்த ரோட்டுல காலிதான்" என்றார் தொம்மை.

"சட்டத்தை மெட்ராஸ்ல உக்காந்து எழுதுதான். அவன் மாட்டையா கேட்டு எழுதினான்?" என்றார் அண்ணாச்சி.

எனக்கு இந்த வழக்கம் பிடித்திருந்தது. எவனுக்குக் கஷ்டமோ அவனுக்கு வழி. கடலில் பாய்த் தோணிக்கும் அதுதான். இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது.

வலது பக்கம் உடைமரங்களுக்கு நடுவே உப்பளத்துப் பாதை ஒன்று ரோட்டில் வந்து சேர்ந்தது. அதிலிருந்து ஒரு வண்டி வேகமாக வந்தது. வண்டிக்காரன் கயிற்றைப் பிடித்து எழுந்து நின்று கத்துவதை நான் பார்த்தேன். தொம்மை ஏதோ பேசிக்கொண்டு அதே வேகத்தில் போனார். ரோசம்மாவின் விரல்கள் அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டின. உடனே பிரேக். மாட்டின் மூச்சு எங்கள் இஞ்சின் மூடிமேல் அடித்தது. வண்டி ரோட்டேறித் திரும்பிப் போனதும் அவள் தோளை ஒரு தடவு தடவினாள். கார் மறுபடி கிளம்பியது.

தொம்மை தலையைத் திருப்பவே இல்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. மாடு நின்ற பக்கம் அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு நான் ஊரைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை, அவள் விரலைத்தான் பார்த்தேன். ஒரு தட்டு என்றால் வலது பக்கம் ஏதோ வருகிறது. இரண்டு தட்டு என்றால் நில். தடவினால் போகலாம். திருச்செந்தூர் போய்த் திரும்புவதற்குள் எத்தனை தட்டு என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். கோயில் வாசலில் அண்ணாச்சி திருநீறு கொடுத்தார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பதையும் மறந்து வாங்கிப் பூசிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தொம்மை ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மோட்டார் டிரைவர்களுக்கான விதிகள், தமிழில். புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் பழைய டிரைவர்கள் எல்லோரையும் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்கிறாராம். தொம்மைக்குச் சனிக்கிழமை. பாஸானால்தான் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள்.

"எனக்கு எழுத்து கொஞ்சம் தகராறு மச்சான். நீங்க வாசிச்சுச் சொல்லுங்க, நான் மனசுல ஏத்திக்கிடுதேன்."

தரையில் சாக்கட்டியால் நாற்சந்தி ஒன்று வரைந்தேன். தீப்பெட்டிகள்தான் கார்கள், சிப்பிகள் மாட்டு வண்டி. வாசிக்க வாசிக்க எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. சைகோனில் ஸ்டியரிங் இடது, இங்கே வலது. அங்கே ரோட்டில் வலது பக்கம், இங்கே இடது பக்கம். எல்லாம் தலைகீழ். ஆனால் ஒரு விதி மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று. நாற்சந்திக்கு வந்தால், உன் வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு நீ நின்று வழி விட வேண்டும்.

"திருப்பிச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"பெரிய ரோடுன்னா அதுல போறவனுக்கு வழி. மத்த இடத்துல வலது பக்கம் வாரவனுக்கு வழி" என்று மணியாகச் சொன்னார்.

ஒரு தீப்பெட்டியை எடுத்து அவருடைய வலது முழங்கால் ஓரமாக வைத்தேன். "இப்ப என்ன செய்வீங்க?"

அவர் சந்தியைப் பார்த்தார். "என்ன செய்ய? ஒருத்தனும் வரலையே. நான் பாட்டுக்குப் போவேன்" என்று தன் தீப்பெட்டியைத் தள்ளினார். அது என் தீப்பெட்டியை இடித்துக் கவிழ்த்தது.

அவர் முகம் மாறியது. கவிழ்ந்த பெட்டியைக் கையால் துழாவி எடுத்து என்னிடம் கொடுத்தார். அடுக்களையில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது. நான் அவருடைய வலது கண்ணைப் பார்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. என் கையை மெதுவாக அந்தப் பக்கம் கொண்டுபோய் விரலை ஆட்டினேன். அந்தக் கண் ஆடவில்லை.

"ரோசம்மா!" என்று கத்திவிட்டேன்.

அவள் மசாலாக் கையோடு வந்து நின்றாள். "ரெண்டு வருசம் ஆச்சு அண்ணே. ஒரு நாள் காலையில எந்திரிக்கும்போது வலது பக்கம் ஒண்ணுமே தெரியலன்னாவ. பாளையங்கோட்டையில டாக்டர்கிட்ட காட்டினோம். உள்ள நரம்பு செத்துப்போச்சுன்னுட்டாரு. வெளிய பாத்தா யாருக்கும் தெரியாது."

"அதனால நீ தோளில் தட்டுகிறாய்."

"நான் தட்டாம யாரு தட்டுவா?"

தொம்மை எழுந்து வெளியே போனார். காரைத் துடைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று மத்தியானம் ரோசம்மா பாயில் கண்ணயர்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். நல்ல தூக்கம், குறட்டைகூட வந்தது. ஆனால் அவளுடைய வலது கை விரல்கள் பாயில் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு. நான் விசிறுவதை நிறுத்திவிட்டேன். தங்கையைப் பார்க்காமல் கிடந்த வருஷங்களில் அவளைப் பற்றி என்னென்னவோ நினைத்துப் பயந்திருக்கிறேன், இதை நினைக்கவில்லை.

நாலாம் நாள் காலை தொம்மையைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். திரேஸ்புரத்தில் வள்ளங்கள் கரையேறி மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

"விட்டுவிடுங்கள் மாப்பிள்ளை. யாரையாவது கொன்றுவிடுவீர்கள்" என்றேன்.

"ரெண்டு வருசத்துல ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தினதில்ல மச்சான்."

"ஏற்றாமல் இருந்தது நீங்களா, அவளா?"

அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. "நீங்க எட்டு நாளுக்கு வந்திருக்கிய. போயிருவிய. நான் இங்கன இருக்கணும்லா? இந்த ஊர்ல தொம்மைன்னா யாருக்கும் தெரியாது, பிளஷர் தொம்மைன்னாத்தான் தெரியும். பிளஷர் போயிட்டா நான் யாரு? மூலையில உக்காந்து வலை பின்னவா?"

"ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாமே."

"என் வண்டியில இன்னொருத்தன் உக்காந்து ஓட்ட, நான் பாக்கணுமாக்கும்." பிறகு குரல் இறங்கியது. "இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிறாதிய மச்சான். கும்பிட்டுக் கேக்குதேன்."

சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொன்னால் இந்த மனுஷன் உடைந்துபோவார், என் தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் எந்த ரோட்டில் எந்தப் பிள்ளை கிடக்குமோ? இரண்டு பக்கமும் பயம். நான் இயல்பிலேயே தைரியசாலி இல்லை. சைகோனில் மேலதிகாரி இருமினால்கூட எழுந்து நின்றுவிடுவேன். இந்த மாதிரி முடிவெல்லாம் எடுக்கிற ஆளா நான்?

வெள்ளிக்கிழமை ரோசம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். "அவர் பாஸாக வேண்டும் என்று வேண்டினாயா?" என்று கேட்டேன்.

"மாதா முன்னால மண்டி போட்டேன். என்ன கேக்கன்னு தெரியல. பாஸாகணும்னு கேட்டா பயமா இருக்கு, ஆகக்கூடாதுன்னு கேட்டாலும் பயமா இருக்கு. சும்மா எந்திரிச்சு வந்துட்டேன் அண்ணே" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நல்ல ஊளி மீன். மூன்று பேர் இலையிலும் மீன் அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை காலை மைதானத்து ஓரத்தில் நாலைந்து கார்களும் இரண்டு லாரிகளும் நின்றன. இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை, கையில் அட்டை. நேர்மையானவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. அதனால் எனக்குப் பயம் இன்னும் கூடியது. தூரத்தில் நின்ற லாரியைக் காட்டி, "அந்த நம்பரை வாசி" என்றார். இரண்டு கண்ணும் திறந்துகொண்டு வாசிக்கலாம் என்பதால் தொம்மை ஒரே கண்ணால் ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தார். கேட்ட விதிகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கை நீட்டிக் காட்டுகிற அடையாளங்கள் எல்லாம் சரி.

"நாற்சந்தியிலே யாருக்கு வழி?"

"வலது பக்கத்துல இருந்து வாரவனுக்கு சார்."

"நல்லது. வண்டியை எடு, ஊரைச் சுத்திட்டு வரலாம்." இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறினார். ரோசம்மா வழக்கம்போல் பின்கதவைத் திறந்தாள்.

"நீ எங்கம்மா ஏர்றே? இது என்ன, கல்யாண ஊர்கோலமா? இறங்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். தொம்மை திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். நடுக்கடலில் ஒரு பிள்ளையை இறக்கிவிட்டால் அது அப்படித்தான் பார்க்கும். பிறகு இஞ்சினை எடுத்தார், கார் போய்விட்டது.

ரோசம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க அண்ணே. திரும்பி வரும்போது கிட்டங்கி முக்குல இருக்க நாலு ரோட்டு வழியாத்தான் வரணும். அங்கனதான் ரொம்ப மோசம். கிட்டங்கிச் சுவரு மறைச்சிரும்."

ஓடினோம். செருப்பு அறுந்தது, அதை விட்டுவிட்டு ஓடினேன். கிட்டங்கி என்று அவர்கள் சொல்கிற சரக்குக் கிடங்கின் முனையில் போய் நின்றோம். நாலு ரோட்டையும் பார்க்க முடிந்தது. ஒரு ஜட்கா போனது. மீன்கூடைக்காரிகள் இரண்டு பேர் போனார்கள். கார் வரவில்லை. வழியிலேயே ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைத்தபோது சுவரில் சாய்ந்துகொண்டேன்.

கடைசியில் கார் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. தொம்மை நேரே பார்த்து ஓட்டிவந்தார். நெற்றியில் வேர்வை வழிவது எனக்கே தெரிந்தது. அதே சமயம் வலது பக்கத்து ரோட்டில், சுவருக்கு அந்தப் புறத்திலிருந்து, உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. மூட்டைகள்மேல் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொம்மையின் கார் வேகம் குறைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க!" என்று ரோசம்மா அலறினாள்.

அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கார் அந்த இடத்திலேயே நின்றது. லாரி அதன் மூக்கை ஒரு சாண் விட்டுத் தாண்டிப் போனது. உப்பு கொஞ்சம் சிந்தியது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து, போகிற லாரியைப் பார்த்தார், நிற்கிற காரைப் பார்த்தார், கதவைத் திறந்து இறங்கினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த ஊருக்கு வந்து எத்தனை பேரைப் பார்த்தாச்சு! வலது பக்கம் வந்த வண்டிக்கு ஒழுங்கா நின்னு வழிவிட்டவன் இவன் ஒருத்தன்தான். நீ ஏம்மா கத்தினே? பயந்துட்டியா? உன் புருஷன் கெட்டிக்காரன். பயப்படாதே."

நான் வாயைத் திறந்தேன். 'ஐயா, அவருக்கு ஒரு கண் இல்லை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இன்ஸ்பெக்டர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, காகிதத்தைக் கிழித்துத் தொம்மையின் மடியில் வைத்துவிட்டு, மைதானத்தைப் பார்த்து நடந்தே போய்விட்டார். நான் திறந்த வாயோடு நின்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தொம்மை காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இஞ்சினை எடுத்தார். "ஏறுளா. ஏறுங்க மச்சான். வீட்டுக்குப் போவோம்."

ரோசம்மா நகரவில்லை.

"ஏறுளா."

"அந்த லாரி மேல நாலு பொம்பளைய இருந்தாவ. நீங்க பாக்கல. நான் பாத்தேன். ஒருத்தி என்னைப் பாத்துச் சிரிச்சா" என்றாள் ரோசம்மா. "லைசென்ஸ் உங்களுக்குத்தான் குடுத்திருக்காவ. எனக்கு ஒருத்தரும் குடுக்கல. நான் இனிமே இந்த வண்டியில ஏறமாட்டேன்."

"ஏளா, ரோட்டுல வச்சு என்ன பேச்சு?"

"என்னால முடியலங்க. ரெண்டு வருசமா நான் ஒரு நாளும் சரியாத் தூங்கல. பயமா இருக்கு. ஒரு நாள் நான் கண்ணை மூடிட்டேன்னா? எனக்கு ஒரு தும்மல் வந்துட்டா? நீங்க போறதுன்னா போங்க. நான் வரல."

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு மாட்டு வண்டி வந்து நின்று, வண்டிக்காரன் சத்தம் போட்டான். தொம்மை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். காரை எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். இவ்வளவு ரோஷக்காரர் எடுக்காமல் இருப்பாரா?

இஞ்சின் நின்றது. அவர் இறங்கினார். நானும் வண்டிக்காரனும் சேர்ந்து காரைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டோம். தொம்மை அதைத் தொடவில்லை. சாவியை என்னிடம் நீட்டினார், நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரேஸ்புரம் போக நாலு ரோட்டைக் கடக்க வேண்டும். சனிக்கிழமைக் கூட்டம், லாரியும் ஜட்காவும் சைக்கிளுமாக வந்துகொண்டிருந்தன. ரோசம்மா முன்னால் போனாள். தொம்மை ரோட்டோரம் வரைக்கும் வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். தலையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி பார்த்தார், காலை எடுத்து வைக்கவில்லை. ஊரிலுள்ள டிரைவர்களும் கடைக்காரர்களும் பார்க்கிற இடம் அது. அந்த மனுஷன் எல்லோரும் பார்க்க வலது கையை நீட்டினார்.

ரோசம்மா திரும்பி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் பார்த்தாள்.

"ஒருத்தரும் வரல. வாங்க" என்றாள்.